ஆறாம் எண் ஜோடி

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சேலைக்கடை வைத்திருக்கிற ராசிக்கை நிபுணர் என்று யாராவது சொன்னால் அந்தச் சாலையே சிரிக்கும். சேலையில் நிபுணர் என்றால் சரி. அசல் பட்டா, பட்டு மாதிரி மினுக்குகிற போலியா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கு வந்த கடிதம் வேறு சங்கதி. உறுப்பு மாற்று ஆராய்ச்சிகளுக்கு நிதியும் விருதும் கொடுக்கிற ஓர் அறக்கட்டளை, தன் மதிப்பீட்டுக் குழுவில் ‘அனுபவ நிபுணராக’ வந்து உட்காரும்படி அவரைக் கேட்டிருந்தது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மைத் தாண்டாத மனிதர். அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். மாட்டாமல் என்ன செய்வார்? நானாக இருந்தால் கடை வாசலிலேயே மாட்டியிருப்பேன்.

குழுவில் ஏழு பேர். ஆறு பேர் பேராசிரியர்கள், பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டியாக நீளும். ஏழாவது ஆள் ராசிக். விண்ணப்பங்கள் மின்னஞ்சலில் வரும். ஒவ்வொன்றையும் படித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், குறையை எழுத வேண்டும், பிறகு ஷா ஆலமில் இருக்கிற அறக்கட்டளை அலுவலகத்தில் கூடிப் பேச வேண்டும். மற்ற ஆறு பேரும் புள்ளிவிவரத்தையும் சோதனை முறையையும் அலசுவார்கள். ராசிக் எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். இதற்கு நோயாளி எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வரணும், எத்தனை தடவை ஊசி குத்துவீங்க என்பார். அந்தக் கேள்வியால் ஒரு ஆராய்ச்சியில் இருபத்தாறு தடவை ரத்தம் எடுப்பது எட்டாகக் குறைந்தது. குழுத் தலைவர் டாக்டர் ரமணி, முப்பது வருஷமாகச் சிறுநீரகம் பார்க்கிற அம்மா, லேசில் யாரையும் மெச்ச மாட்டார். அவரே அன்றைக்கு எழுந்து வந்து ராசிக்குக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுபவம் என்றால் சும்மா வந்ததில்லை. ஏழு வருஷம் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்தவர் ராசிக். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பார்கள். வெயில் கொளுத்துகிற கிள்ளானில் ஐஸ் கட்டியை வாயில் போட்டு உறிஞ்சிக்கொண்டு வியாபாரம் பார்த்தவர். நாற்பத்தைந்தாவது வயதில், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விரித்த சேலையை விரித்தபடியே போட்டுவிட்டு ஓடினார். இறந்துபோன யாரோ ஒருவரின் சிறுநீரகம் அவருக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம், ஒரு நாள் கூட அது அவரைக் கைவிட்டதில்லை.

ஆனால் அந்த யாரோ யார்? அதுதான் அவருக்குத் தெரியாது. தெரியவும் விடமாட்டார்கள். கொடுத்தவர் பெயரை வாங்கியவருக்குச் சொல்லக் கூடாது, வாங்கியவர் பெயரைக் கொடுத்த குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது. ஆணா, பெண்ணா, எந்த இனம், எந்த மதம் என்று ஒன்றும் கிடையாது. நர்சுகளைக் கெஞ்சிப் பார்த்தார், டாக்டர்களிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் மட்டும் கையேந்தி உட்கார்ந்திருப்பார். யாருக்குத் துவா கேட்பது? ‘யா அல்லாஹ், அந்த ஆளுக்கு’ என்று ஆரம்பிப்பார், அதற்குமேல் வார்த்தை வராது. பெயர் தெரியாத ஒருவருக்காகப் பதினோரு வருஷம் ஏங்குவது சாதாரணக் காரியமில்லை. கடைக்கு வருகிற வயதான பெண்களை எல்லாம் உற்றுப் பார்ப்பார், இவர் அந்தத் தாயாக இருக்குமோ என்று. கொமுட்டர் ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கிற சீனப் பெரியவரைப் பார்ப்பார், இவர் அந்தத் தகப்பனோ என்று. ஊரில் உள்ளவங்களை எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி பாக்குறீங்க என்று மனைவி நசீமா கிண்டல் செய்வாள். கிண்டல்தான், ஆனால் அவளுக்கும் அந்த ஏக்கம் உண்டு. பெருநாளைக்குப் பிரியாணி ஆக்கும்போதெல்லாம், அவங்க வீட்டுக்கு ஒரு சட்டி அனுப்ப முடியலையே என்று வருஷா வருஷம் சொல்கிறவள்தான்.

அந்த வருஷம் வந்த விண்ணப்பங்களில் நாலாவது, டாக்டர் தனேஷ் என்ற இளைஞருடையது. கடையில் ஆள் குறைந்த ஒரு மத்தியான நேரத்தில் ராசிக் அதைத் திறந்தார். முதல் பக்கத்தையே இரண்டு தடவை படித்தார். கொடுத்த குடும்பமும் வாங்கியவரும் பெயர் இல்லாமல் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரி நடுவில் நின்று அதைக் கை மாற்றிக் கொடுக்கட்டும். அப்படிச் செய்தால் இரண்டு பக்கத்து மனசும் ஆறுகிறதா என்று பார்ப்போம் என்பதுதான் ஆராய்ச்சி. முதற்கட்டமாகப் பதினெட்டு ஜோடிகளைத் தேர்ந்து பேசியாயிற்று, நிதி கிடைத்தால் கடிதங்கள் ஆரம்பிக்கும் என்று எழுதியிருந்தார்.

பதினோரு வருஷமாக அவர் கேட்டுக் கிடந்தது இதுதான். பத்துக்குப் பதினைந்து போட வழியிருந்தால் போட்டிருப்பார்.

ஐந்தாவது பக்கத்தில் ஓர் அட்டவணை. பதினெட்டு ஜோடிகள், பெயர் இல்லை, எண் மட்டும். ஆறாவது வரியில் கண் நின்றது. வாங்கியவர்: ஆண், அறுவைச் சிகிச்சையின்போது வயது 45, கிள்ளான், துணி வியாபாரி, ஏழு வருஷம் டயாலிசிஸ். பக்கத்தில் மாதமும் வருஷமும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளினிக்கில் யாரோ ஓர் இளம் டாக்டர் ஐம்பது கேள்வி கேட்டுப் போனது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எதற்கென்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லி அனுப்பினார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைதான் இந்தத் தனேஷ்.

அதே வரியில் இடது பக்கம் இருந்தது அந்த யாரோ. ஆண், வயது 22, தமிழர், மோட்டார் சைக்கிள் விபத்து.

இருபத்திரண்டு வயசா? ராசிக் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். தன் மகள் அஃப்ரினுக்கே இப்போது இருபத்தாறு.

அட்டவணையோடு விட்டிருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். தனேஷ் விடவில்லை. படிக்கிறவர்கள் மனசு இளக வேண்டும் என்று நினைத்து, சில குடும்பத்தார் பேசியதைப் பேசியபடியே ஏழாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தார். பாவம், நல்லதுக்குத்தான் செய்தது அந்தப் பிள்ளை. பெயரைக் கவனமாக எடுத்தவர், தொழிலை எடுக்க மறந்துவிட்டார். ஆறாம் எண் தாய் என்று போட்டுக் கீழே இருந்ததை ராசிக் மனசுக்குள் தமிழாக்கிப் படித்தார்.

“தீபாவளிக்கு மூணு நாள் இருந்துச்சு. பிரிக்பீல்ட்ஸ்ல என் கடையில முப்பத்தெட்டு ப்ளவுஸ் வெட்டினது வெட்டினபடி கெடந்துச்சு. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எல்லாத்தையும் குடுத்துடும்மான்னு அவனே ஒருநாள் வெளையாட்டா சொல்லியிருக்கான். அடுத்த வாரம் வந்து அத்தனை ப்ளவுசையும் தைச்சுக் குடுத்தேன். பண்டிகை முடிஞ்சு போயிருந்துச்சு, யாரும் ஒரு வார்த்தை திட்டல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவன் கிட்னி வாங்கினவங்க நல்லா சாப்பிடுறாங்களா, நல்லா தூங்குறாங்களா? பேரு வேணாம்.”

கடையில் வேலை செய்கிற பெண்கள் பார்த்துவிடக் கூடாதென்று ராசிக் புடவை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதார்.

அறிவிருந்தால் அந்த நிமிஷமே டாக்டர் ரமணியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அட்டவணையையும் அந்தப் பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரிகிறது, இது பெரிய தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். மற்ற ஆறு பேராசிரியர்களுக்கும் அது பட்டிருக்காது. அவர்களுக்கு அது வெறும் தையல்கார அம்மா. துணி வியாபாரிக்கு அப்படியா? பிரிக்பீல்ட்ஸில் ப்ளவுஸ் தைக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் தீபாவளிக்குத் தைத்துக் கொடுக்காமல் போனவர் யார் என்று ஒரே ஒரு போனில் கண்டுபிடித்துவிடலாம். விண்ணப்பத்தில் உள்ளதை வெளியே பேச மாட்டேன், யாரையும் தேடிப் போக மாட்டேன் என்று குழுவில் சேரும்போதே கையெழுத்துப் போட்டவர்தான். போட்ட கைதான் போனை எடுத்தது. மனசு கேட்கவில்லை, வேறென்ன சொல்ல?

பிரிக்பீல்ட்ஸ் தையல்காரர்களுக்கெல்லாம் லைனிங்கும் நூலும் கொக்கியும் கொடுக்கிற பாலன் அவருக்குப் பழைய பழக்கம். நசீமாவுக்கு நல்ல ப்ளவுஸ் தைக்க ஆள் வேண்டும் என்று ராசிக் ஆரம்பித்தார். அப்படியே பேச்சோடு பேச்சாக, பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு யாரோ தைத்துக் கொடுக்க முடியாமல் போனார்களே என்று இழுத்தார்.

“அது டொரத்தி அக்கா லா,” என்றார் பாலன். “பையன் பிரையன் அந்த வருஷந்தான மோட்டார்ல அடிபட்டுப் போயிட்டான். நல்லா தைப்பாங்க. மாடிக்கடை, அட்ரஸ் அனுப்புறேன்.”

பிரையன். ராசிக் போனை வைத்துவிட்டு அந்தப் பெயரை வாய்விட்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார்.

மறுநாளே கொமுட்டர் பிடித்து, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிவிட்டார். கையில் ஒரு பையில் அரக்குக் கலர் ப்ளவுஸ் துணி. போய்ப் பார்ப்பது மட்டும்தான், ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், மூலிகைக் கடைக்கு மேல் இருந்தது அந்தத் தையல்கடை. படி செங்குத்து. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. கால் மேலேதான் போனது.

டொரத்திக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே வாங்க பாய், உக்காருங்க என்றார். பாலன் அனுப்பினார் என்று ராசிக் சொன்னார். துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல துணி, எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார் டொரத்தி. கிள்ளானில் சொந்தக்கடை என்றதும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அளவு ப்ளவுஸ் எங்கே என்றார். ராசிக் பேந்தப் பேந்த விழித்தார். முப்பது வருஷம் சேலை விற்கிற மனிதர், தைக்கக் கொடுக்க வருகிறபோது அளவு ப்ளவுஸ் கொண்டுவர மறந்துவிட்டார்.

டொரத்தி சிரித்துவிட்டார். கடைக்காரரே இப்படி வந்தால் நாங்கள் என்ன செய்வது, வீட்டம்மாவையே ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், நேரில் அளவெடுத்துவிடுகிறேன் என்றார். அப்புறம் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து எழுந்துபோய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ராசிக் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு குவளை கொடுத்தார், அதையும் குடித்தார். அந்தத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளப் போவது தன் பிள்ளைதான் என்பது குவளையை நீட்டிய அந்தத் தாய்க்குத் தெரியாது. ராசிக்குக்குத் தெரியும்.

மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு படம். சுருட்டை முடி, சிரித்த வாய், வேலைக்குப் போகிற சட்டை. ராசிக் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை டொரத்தி கவனித்துவிட்டார்.

“என் மகன். போயிட்டான் பாய், பதினோரு வருஷம் ஆச்சு.” கொஞ்ச நேரம் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். “போயிட்டான்னு சொல்றேன், ஆனா முழுசாப் போகல. யாரோ ரெண்டு மூணு பேருக்குள்ள இருக்கான். யாருன்னுதான் தெரியல.”

நான்தாம்மா என்ற ஒரே ஒரு சொல். அது ராசிக்கின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைத் தடுத்தது கையெழுத்து என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பேரு வேணாம் என்று அந்த அம்மா சொன்னதைப் படித்திருக்கிறாரே, கேட்காத ஒன்றைக் கொண்டுபோய் ஒரு தாயின் மடியில் போட இவருக்கு என்ன உரிமை? அதோடு ஒரு பயம். அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பதிலாக இந்த ஐம்பத்தாறு வயது தொப்பைக்காரன்தானா என்று அந்தக் கண்ணில் ஒரு நொடி ஏமாற்றம் தெரிந்துவிட்டால், அதைத் தாங்க அவரால் முடியாது. வாரேன்க்கா என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நசீமாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவங்க கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே என்று முதலில் அழுதாள். கொஞ்சம் தெளிந்ததும், அந்த மார்க் போடற பேப்பர்ல என்ன எழுதப் போறீங்க என்று கேட்டாள். அங்கேதான் சிக்கல். குறையை எழுதினால் ஆராய்ச்சியே விழுந்துபோகலாம். பதினெட்டுக் குடும்பத்துக்கும் கடிதம் இல்லை, அதில் இவரும் ஒருவர். எழுதாமல் விட்டால் ஒரு நாய்க்கும் தெரியாது. ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்கும், முறையாகவே டொரத்திக்குக் கடிதம் எழுதலாம், நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன் என்று. யாருக்கும் தெரியப் போறதில்லயேங்க என்றாள் நசீமா. அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கும் அந்தக் கடிதம் வேண்டும்.

ராசிக் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஒரே போனில் கண்டுபிடித்தேன், இன்னொருத்தன் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அவரைக் குடைந்தது. பதினெட்டு வரியில் இன்னும் பதினேழு தாய் தகப்பன் இருக்கிறார்கள். உன் பிள்ளை உறுப்பு என்னிடம் இருக்கிறது என்று எவனாவது போய் அவர்கள் கதவைத் தட்டினால்? மூன்றாம் நாள் விடிந்ததும் உட்கார்ந்தார். பத்துக்குப் பத்து போட்டார். குறை என்ற கட்டத்தில், ஐந்தாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதினார். விண்ணப்பத்தில் வரும் யாருடனாவது உங்களுக்குத் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டார்.

ஷா ஆலமில் கூட்டம். ஆறு பேராசிரியர்களும் தனேஷின் விண்ணப்பத்தைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். ஒருத்தருக்கும் அந்தப் பக்கங்களில் எதுவும் தவறாகத் தெரியவில்லை. டாக்டர் ரமணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டார்.

“அந்த ஆறாம் நம்பர் நான்தான் டாக்டர்,” என்றார் ராசிக்.

கேட்டுத்தான் ஆக வேண்டும், தப்பா நினைக்காதீங்க என்று சொல்லிவிட்டு ரமணி அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தத் தாயைத் தேடினீர்களா? இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே சாட்சிக்கு யாரும் இல்லை. ராசிக் பாலனுக்குப் போன் போட்டதில் ஆரம்பித்து இரண்டு குவளை தண்ணீர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். நான் சொல்லல, அவங்களுக்கு என்னைத் தெரியாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். விதிப்படி அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

ஐம்பது நிமிஷம் நடையில் உட்கார்ந்திருந்தார். வாங்கி வைத்த கோப்பி ஆறிப்போனது. கதவு திறந்து ரமணி தனியாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்கு நிதி உண்டு என்றார். அட்டவணையைத் திருத்த வேண்டும், குடும்பத்தார் பேச்சு எதையும் வெளியே விடக் கூடாது, அந்த நிபந்தனையோடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ராசிக்கின் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். ரமணி அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறாம் எண் ஜோடியை மட்டும் எடுத்துடணும்னு முடிவு. பேர் தெரியாதவங்களுக்குள்ள போற லெட்டர்தான் இந்த ஆராய்ச்சி. உங்களுக்கு அவங்களத் தெரியும். நீங்க போகாம இருந்திருந்தா, அட்டவணைய மட்டும் திருத்திட்டு உங்க ஜோடிய ஆராய்ச்சியிலயே வெச்சிருப்போம் ராசிக்.”

ஆசைப்பட்டுப் போன அந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள். அதுதான் கதவைச் சாத்தியது.

அவங்களுக்கு என்ன சொல்வீங்க என்று கேட்டார். உங்கள் ஜோடி இந்த ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை என்று ஒரு கடிதம் போகும், காரணம் சொல்ல மாட்டோம் என்றார் ரமணி.

ராசிக்கின் குரல் உடைந்தது. “நான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க டாக்டர்.”



ஒரே ஒரு வரி போடுங்கள், வாங்கியவர் நல்லா இருக்கார் என்று, வேறொன்றும் வேண்டாம் என்று கெஞ்சினார் ராசிக். நன்னெறிக் குழுவிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார் ரமணி. கேட்டும் பார்த்தார். ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்து, ஒருத்தருக்கு மட்டும் தனியாகத் தகவல் சொல்ல வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார். நீங்களாகப் போய்ச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள், மற்ற பதினேழு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மிரட்டவில்லை, வேண்டிக்கொண்டார். ராசிக் சரி டாக்டர் என்றார். டொரத்தியின் கைக்கு அந்தக் கடிதம் என்றைக்குப் போயிருக்கும், மெஷினை நிறுத்திவிட்டுப் படித்திருப்பாரா, படித்துவிட்டு அந்தப் படத்தை எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைக்காத நாள் கிடையாது. நசீமா அந்தப் பெயரை வீட்டில் எடுப்பதையே விட்டுவிட்டாள். எடுத்தால் இவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார்.

இனி இந்த ஆராய்ச்சியில் உங்களுக்குச் சம்பந்தம் இல்லை, அதனால் தடையும் இல்லை, நீங்கள் குழுவில் இருக்கலாம் என்று அறக்கட்டளையே எழுதியது. கிண்டல் பண்ணுகிறார்களா என்று அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனார். ஊசி எத்தனை தடவை என்று கேட்க அங்கே வேறு ஆள் இல்லையே.

அடுத்த வருஷம் தனேஷின் முன்னேற்ற அறிக்கை மதிப்பீட்டுக்கு வந்தது. இந்தத் தடவை பிள்ளை கவனமாக இருந்தார். ஊர் இல்லை, தொழில் இல்லை, வயது இல்லை. மாதிரிக்கு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் நாலைந்து வரி மட்டும். ராசிக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ‘என் மகள் பாடுவாள், நீங்கள் பாடுவீர்களா?’ என்று ஒரு தாய் கேட்டிருந்தார். ‘எனக்குப் பாட வராது, ஆனால் இப்போது மாடிப்படி ஏறுகிறேன்’ என்று பதில். அடுத்தது ஒரு தகப்பன், உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் முழு ராத்திரி தூங்கினோம் என்று எழுதியிருந்தார். அவர் ஐந்தாம் எண். அதற்குக் கீழே ஏழு.

ராசிக் பதினேழையும் படித்து முடித்தார். குறை என்ற கட்டத்தில், ஆறாம் எண்ணைக் காணவில்லை என்று எழுதினார். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அழித்துவிட்டு, பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினார்.